எல்லாரும் இறங்குங்க

மாலை ஆறரை மணி. விளக்கே இல்லாத சாலை. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குச் சோளக்காடு... முதலில் அந்தக் கதவைச் சாத்திவிட்டு உட்காருங்கள். பாதியில் எழுந்து போகிறவர்களுக்கு மறுபடி முதலிலிருந்து சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது.

இது என் சிநேகிதனின் பெரியப்பாவுக்கு நடந்தது. காலமெல்லாம் டவுன் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்றதும், ஹாரன் சத்தமே காதில் விழக்கூடாது என்று வயல்களுக்கு நடுவே ஒரு வீடு வாங்கினார். பெரியம்மாவுக்கு அரைமனசுதான். "பயமா இருந்தா ஒரு வார்த்தை சொல்லு. அன்னிக்கே திரும்பிடலாம்" என்று சத்தியம் பண்ணித்தான் கூட்டிப்போனார்.

அன்றைக்குக் கடைக்குப் போய்விட்டு இரண்டு பேரும் புதுக் காரில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு வளைவு. ஓரமாக ஒரு கிழவர், ஒரு கிழவி. கை நீட்டினார்கள்.

பெரியப்பாவின் கால் தானாக பிரேக்குக்குப் போனது. நீட்டிய கையைப் பார்த்தும் நிறுத்தாமல் போன பழக்கம் அவருக்கில்லை. பின்னால் எட்டிக் கதவைத் திறந்துவிட்டார். "ஏறுங்க, ஏறுங்க."

"யாரைக் கூப்பிடறீங்க?" என்றாள் பெரியம்மா.

அவர் மறுபடி பார்த்தார்... சாலையில் யாருமில்லை. பின்கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. வண்டி கொஞ்சம் தாழ்ந்தது. ஈர மண் வாசனை.

டிங்... டிங்... டிங்...

பெல்ட் போடாமல் உட்கார்ந்தால் அடிக்குமே, அந்த மணி. பின்சீட்டில் ஒரு பைகூட இல்லை. "புது வண்டி. ஏதோ கோளாறு" என்று ஓட்டினார். வீட்டு வாசலில் நிறுத்தியதும் பின்கதவு திறந்து மூடியது. மணி நின்றது.

அன்றிலிருந்து அந்த வாசனை வீட்டுக்குள் இருந்தது. மகள் வந்தால் தங்குவதற்கென்று ஒரு அறை போட்டு வைத்திருந்தார்கள். அதில் மெத்தை இரண்டு இடத்தில் அமுங்கியே கிடந்தது. பெரியம்மா தட்டிச் சரிசெய்வாள். திரும்பி வந்து பார்த்தால் மறுபடி அமுங்கியிருக்கும்.

"எனக்குப் பயமா இருக்குங்க" என்று ஒருநாள் சொல்லியே விட்டாள்.

திரும்பிப் போயிருக்கலாம். சத்தியம் பண்ணின மனுஷன்தானே? ஆனால் அவருக்கு வீட்டை விட மனசில்லை. யோசித்தார். "ஏத்தினோம். எங்க இறங்கணும்னு கேக்கவே இல்ல. தப்பு நம்ம மேலதான். ஏத்தின இடத்துலயே இறக்கி விட்டுடலாம்" என்றார். வீட்டில் தனியாக இருக்க மாட்டேன் என்று பெரியம்மாவும் முன்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

அதே மாலை நேரம். வாசலில் பின்கதவைத் திறந்து வைத்து, "ஏறுங்க" என்றார். வண்டி தாழ்ந்தது. டிங்... டிங்...

வளைவில் நிறுத்தினார். கதவைத் திறந்தார். பஸ் ஸ்டாண்டில் தினமும் கத்திய பழக்கம், வாய் தானாகச் சொல்லியது.

"கடைசி ஸ்டாப். எல்லாரும் இறங்குங்க."

மணி நின்றது. வண்டி மேலே எழும்பியது. அப்பாடா என்று சிரித்துக்கொண்டே பக்கத்தில் திரும்பினார்.

பெரியம்மா பெல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏய், உன்னை இல்லம்மா..."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இறங்கினாள். சோளக்காட்டுக்குள் நடந்தாள். சோளத் தட்டைகள் சரசரத்தன... அப்புறம் அதுவும் இல்லை. அவர் பின்னாலேயே ஓடினார். போலீஸ் வந்தது, நாய் வந்தது. அறுவடையே முடிந்து காடு வெறும் தரையானது. ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை.

இப்போதும் தினம் சாயங்காலம் அந்த வளைவில் போய் நிறுத்துகிறார். கதவுகளைத் திறந்து வைத்து, "ஏறும்மா... வீட்டுக்குப் போகலாம்" என்று கெஞ்சுவார்.

துணைக்கு இருக்கட்டும் என்று போன மாதம் என் சிநேகிதன் போயிருந்தான். முன்சீட்டு பெரியம்மாவுக்காம், அவனைப் பின்னால் உட்காரச் சொன்னார். இவன் ஒழுங்காகப் பெல்ட் போட்டுக்கொண்டான். வளைவில் நின்றார்கள். கூப்பிட்டார். காத்திருந்தார்கள்.

முன்சீட்டு அமுங்கியது.

டிங்... டிங்...

பெரியப்பா அழுதார். குனிந்து, காலி சீட்டுக்குக் குறுக்கே பெல்ட்டை இழுத்து மாட்டினார். "போலாம்மா. இந்தத் தடவை ஊருக்கே போயிடலாம்." மணி நின்றது. என் சிநேகிதன் மூச்சு விட்டான்... ஈர மண் வாசனை.

மறுபடி மணி அடித்தது.

பெரியப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வண்டியைக் கிளப்பிக்கொண்டே சொன்னாராம்:

"உன் பக்கத்துல இருக்கறவங்களுக்கும் பெல்ட் போட்டு விடுப்பா."