பழுப்புக் கொழுப்பு

எங்கள் வீட்டில் காபிக்குச் சர்க்கரை போடுவதில்லை, இன்ஸ்பெக்டர் சார். ஐந்து வருடமாகவே அப்படித்தான். என் மனைவி மெர்சிக்கு நாற்பத்தொரு வயதில் சர்க்கரை முந்நூறைத் தாண்டியது. புருஷன் சும்மா இருக்க முடியுமா?

ஒரகடத்தில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் நான் மெயின்டனன்ஸ் டெக்னீஷியன். குளிர் எனக்குத் தெரிந்த விஷயம். போன மாதம் செல்போனில் ஒரு டாக்டர் பேசியதைக் கேட்டேன். கழுத்தடியில், தோள்களை ஒட்டி, பழுப்பு நிறத்தில் கொஞ்சம் கொழுப்பு இருக்கிறதாம். குளிர் பட்டால் அது விழித்துக்கொண்டு சர்க்கரையை எரித்துச் சூடு தருமாம். நன்றாக விழித்துவிட்டால் உடம்பு நடுங்குவதே குறைந்துவிடுமாம். பதினேழு டிகிரியில் இரண்டு மணி நேரம் என்றார்.

மணிமங்கலத்தில் எங்கள் வீட்டு ஏசியைப் பதினேழில் வைத்தேன். மெர்சி போர்வையை இழுத்துக்கொண்டாள்.

"நான் இன்னா வஞ்சிரம் மீனாங்க, ஐஸ்ல போட்டு வெக்க?"

நானும் சிரித்தேன். அது பரவாயில்லை.

வியாழக்கிழமை அவள் தன் தங்கை ஷாரோனிடம் போனில் பேசினாள். நான் வந்து நின்றது அவளுக்குத் தெரியாது.

"இவுருக்கு மர கழண்டுடுச்சுடி. எனக்குள்ள அடுப்பு கீதாம், இவுரு பத்த வெக்கிறாராம். ஸ்பேனர் புடிக்கிற கைக்கு ஸ்டெதஸ்கோப் கேக்குது."

பதினோரு நிமிடம் சிரித்தாள். அவளுக்காக வாங்கிய மாத்திரைகள் என் கையில் இருந்தன.

சனிக்கிழமை, கிடங்கில் ஐஸ்கிரீம் அறைக் கதவின் உட்புறப் பிடியைக் கழற்றினேன். யாராவது மாட்டிக்கொண்டால் உள்ளேயிருந்து தள்ளித் திறப்பதற்கான பிடி. கிரீஸ் வைக்க வேண்டியிருந்தது. திரும்ப மாட்ட நேரமில்லை.

ஞாயிற்றுக்கிழமை லோடிங் கிடையாது. ஆராதனை முடிந்ததும் அவளைப் பைக்கில் அங்கே கூட்டிப்போனேன். பத்தே நிமிடம் என்றேன். குளிர் ஜாக்கெட் கொடுக்கவில்லை. போர்த்திக்கொண்டால் கொழுப்பு எப்படி விழிக்கும்? போனையும் வாங்கி வைத்துக்கொண்டேன். உள்ளே மைனஸ் பதினெட்டு. வேகமாக வேலை செய்யும் என்று நினைத்தேன்.

கதவில் கையகலக் கண்ணாடி உண்டு. அதைத் தட்டினாள்.

"ஏங்க, வெளையாடாதீங்க. கை மரத்துப்போச்சுங்க."

கொஞ்ச நேரம் கழித்து, "நான் ஷாரோன் கையில பேசுனது தப்புதாங்க. தொறங்க" என்றாள்.

அதைப் பற்றி நான் ஒரு வார்த்தைகூடக் கேட்டிருக்கவில்லை. அவளுக்கு எப்படித் தோன்றியது என்று எனக்கு ஆச்சரியம்.

அப்புறம் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்தாள். நடுங்கினாள். ஒரு மணி நேரத்தில் நடுக்கம் நின்றது. டாக்டர் சொன்னது அப்படியே நடந்தது, சார். பாதியில் கெடுக்க வேண்டாம் என்று மிச்ச ஒரு மணி நேரமும் விட்டேன்.

வெளியே தூக்கி வந்து, சர்க்கரை பார்க்க விரலில் குத்தினேன். ரத்தம் வரவில்லை. இன்னொரு விரலில் குத்தினேன்.

கோபத்தில் கொன்றுவிட்டேன் என்று ஷாரோன் எழுதிக் கொடுத்திருக்கிறாளாம். பூட்டியது நான்தான், மறுக்கவில்லை. ஆனால் கோபக்காரன், மன்னிப்புக் கேட்ட உடனே திறந்துவிட்டிருப்பான். நான் இரண்டு மணி நேரமும் அந்தக் கண்ணாடி முன்னால் பொறுமையாக நின்றேன்.