மரையக்கா இறக்கி வைத்த எஞ்சின்

துயரம் தோய்ந்த இந்த மேடையில் வீற்றிருக்கும் நம் லாரி ஓட்டுநர் சங்கத் தலைவர் அவர்களே! பட்டறைத் தெருவின் பெரியவர்களே! ஏற்றிய சரக்கை அப்படியே நிறுத்திவிட்டு ஓடோடி வந்திருக்கும் ஓட்டுநர் தோழர்களே! தாய்மார்களே! முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் எங்கள் டிரைவர் மாமா அவர்களே! உங்கள் எல்லோருக்கும் சங்கச் செயலாளனின் வணக்கம்.

எத்தனையோ கூட்டங்களில் பேசிய வாய் இது. இன்று நாக்கு எழவில்லை. லேத் பட்டறையின் உரிமையாளர், நம் வண்டிகளின் வைத்தியர், அன்புக்குரிய மரையக்கா மறைந்துவிட்டார் என்று எந்த வாயால் சொல்வேன்!

மரையக்கா என்ற பெயர் எப்படி வந்தது? அதைச் சொன்னாலே அவர் வாழ்க்கையைச் சொன்னதாகிவிடும்.

அக்காவின் கணவர் டிரைவர் மாமாவைப் பக்கவாதம் தாக்கியபோது வலது கை விழுந்தது, பேச்சும் போனது. திக்கெல்லாம் லாரி ஓட்டிய மனிதர், பட்டறைக்குப் பின்னாலிருந்த அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். "பேச வையுங்கள்" என்றார் மருத்துவர். எப்படிப் பேச வைப்பது? யார் போனாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவரை என்ன செய்வது?

அந்த அறையின் சன்னலுக்கு வெளியேதான் அவருடைய பழைய லாரி நின்றது. நம்மில் பாதிப்பேர் பிறப்பதற்கு முன்பே சாலைக்கு வந்த, மூக்கு நீண்ட வண்டி. எஞ்சின் இறுகிக் கல்லாகக் கிடந்தது. ஒருநாள் அக்கா அதன் முகப்பைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, பேரீச்சம்பழத்துக்குக்கூட இதை எவனும் எடுக்கமாட்டான். உனக்கு என்ன மரை கழண்டுபோச்சா?" என்றேன்.

"கழண்ட மரையைச் சரிபண்றதுதானடா என் பொழப்பு!" என்று சிரித்தார். அன்று ஒட்டிக்கொண்ட பெயர்தான் மரையக்கா! பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வண்டிக்காக இல்லடா. அவருக்கு வாய்தான் வரலை, காது நல்லாவே கேக்குது. அவரு வண்டியில ஒருத்தி தப்பான ஸ்பேனரைப் போட்டா மனுஷன் எத்தனை நாள் பொறுத்துக்குவாருன்னு பார்ப்போம்."

தோழர்களே, வேண்டுமென்றே அளவு பெரிய ஸ்பேனரை மாட்டினார்! அது வழுக்கி வழுக்கி இரும்பில் மோதியது. உள்ளே கட்டிலைத் தட்டும் சத்தம் கேட்டது. அக்கா இன்னும் பலமாக வழுக்கவிட்டார். கடைசியில் ஒருநாள் மாமா சுவரைப் பிடித்துக்கொண்டே வாசல்வரை வந்துவிட்டார். "ஏ... ஏய்!" என்றார்.

"என்ன ஏய்? தப்புன்னா வந்து காட்டுங்க!" என்றார் அக்கா. அப்படிச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பி, எண்ணெய்க் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். முகமெல்லாம் கறுப்பு. அந்தக் கறுப்பு முகம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

மறுநாளே லாரியின் பக்கத்தில் மாமாவுக்கு ஒரு நாற்காலி வந்தது. எஞ்சினின் தலையை அதன் அடிப்பாகமான பிளாக்கோடு பிணைத்திருந்த போல்ட்டுகள் துருவேறி, இம்மியும் அசையவில்லை. அக்கா சூடுபடுத்தினார், உருகிய மெழுகை இடுக்கில் ஊறவிட்டார், சுத்தியலால் மெல்லத் தட்டினார். பிறகு கொஞ்சம் தளர்த்துவார், கொஞ்சம் திரும்ப இறுக்குவார், மறுபடி தளர்த்துவார்.

"ஒரே மூச்சில் கழற்றினால் என்ன அக்கா?"

"கோவிச்சுக்கிட்டு உக்காந்திருக்கிற புருஷன் மாதிரிடா இது. பிடிச்சு இழுத்தா முறிஞ்சுபோகும். விட்டுப் பிடிக்கணும்."

மாமா சிரித்தார். நோய் விழுந்தபிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தோம்.

அத்தனை பொறுமைக்குப் பிறகும் ஒரு போல்ட்டு முறிந்தது! போல்ட்டின் தலை கையோடு வந்துவிட்டது, உடல் பிளாக்குக்குள் நின்றுவிட்டது. அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்போது மாமா இடது கையை நீட்டி வெல்டிங் பெட்டியைக் காட்டினார். உதடு துடித்தது. "ந... நட்டு" என்றார். முறிந்த முனையில் ஒரு நட்டை வைத்துப் பற்றவைக்கச் சொல்கிறார்! அக்கா பற்றவைத்தார். அவசரமாக ஸ்பேனரை எடுத்தவரை மாமா தடுத்தார். "ஆ... ஆறட்டும்." சூடு தணிந்தபின் திருகினார். முனகிக்கொண்டே வெளியே வந்தது முறிந்த துண்டு. தெருவே கைதட்டியது! போல்ட்டுக்காகவா தட்டினோம்? அந்த இரண்டு சொற்களுக்காக அல்லவா தட்டினோம்!

இனி நான் சொல்லப்போவதுதான் நெஞ்சை அறுக்கிறது.

எஞ்சின் புதுப்பிறவி எடுக்கும் நிலைக்கு வந்தது. சங்கத்தின் ஆண்டுவிழா ஊர்வலத்தில் அந்த வண்டிதான் முன்னால் போகும் என்று தலைவர் அறிவித்தார். கடைசியாக எஞ்சின் தலையை வைத்து இறுக்கும்போது, ஒரு போல்ட்டு மட்டும் பிடிக்காமல் சும்மா சுற்றியது. என்றோ எவனோ பொருந்தாத போல்ட்டைத் திணித்து, பிளாக்கின் துளையிலிருந்த மரையையே தின்றுவிட்டிருந்தான். "ஒண்ணே ஒண்ணுதானே அக்கா! மத்ததெல்லாம் பிடிச்சிருக்கு, ஸ்டார்ட் பண்ணிடலாம்" என்று கெஞ்சினோம். அக்கா மாமாவைப் பார்த்தார்.

"கழட்டு" என்றார் மாமா. தெளிவாக, திக்காமல் சொன்னார்.

அக்கா கழற்றிவிட்டார். துளையைப் பெரிதாக்கி, புது மரை வெட்டி, தன் லேத்தில் கடைந்த புஷ் என்ற இரும்பு உறையை அதில் முறுக்கி ஏற்றினார். ஊர்வலம் அந்த வண்டி இல்லாமலே போனது. புஷ் ஏறிய வாரத்திலேயே அக்காவுக்கு நெஞ்சுவலி. மருத்துவமனையில் பார்க்கப் போனேன். "பிளாக்கைத் துணி போட்டு மூடினீங்களாடா? தூசி விழும்" என்றார். நான் கேட்ட கடைசிப் பேச்சு அதுதான்.

அந்த எஞ்சினின் சத்தத்தைக் கேட்காமலே போய்விட்டாரே! அன்று ஒரு சாவியைத் திருப்பியிருந்தால் கேட்டிருப்பாரே! அந்த ஏக்கம் நம் எல்லோருக்கும் இருக்கிறது. ஆனால் ஒருவரை அது உள்ளுக்குள் அரிக்கிறது. தான் சொன்ன ஒரு சொல்லால்தான் எல்லாம் தள்ளிப்போனது என்று நினைத்து, அவர் மறுபடியும் வாயை மூடிக்கொண்டார்.

மாமா, இந்தச் சபையின் முன்னால் சொல்கிறேன். அன்று நான் அக்காவிடம் கோபித்துக்கொண்டேன். "எல்லாம் கூடிவந்த நேரத்தில் மாமா இப்படிப் பண்ணிட்டாரே" என்றேன். அக்கா என்ன சொன்னார் தெரியுமா? "போடா மடையா! எஞ்சின் சத்தம் கேக்கவா இத்தனை பாடுபட்டேன்? அவரு என்னை அதட்டி எத்தனை நாளாச்சு!" என்றார். முகம் அப்படி மலர்ந்திருந்தது மாமா. அக்கா கேட்க நினைத்ததைக் கேட்டுவிட்டுத்தான் போயிருக்கிறார்.

இது நம் துக்கத்தை ஆற்றிவிடுமா? ஆற்றாது. இருந்தாலும் ஓர் உறுதி சொல்கிறோம். அந்த எஞ்சின் தலையை நாங்கள் ஏற்றுவோம். நடுவிலிருந்து தொடங்கி ஓரத்துக்கு, மாறி மாறி, அவசரமில்லாமல், அக்கா செய்கிற முறையிலேயே இறுக்குவோம். மாமா பக்கத்தில் உட்கார்ந்து சரி என்று சொல்லாமல் எவனும் அடுத்த போல்ட்டைத் தொடமாட்டான். பட்டறையைப் பூட்டவிடமாட்டோம்.

இன்னும் பேச நிறைய இருக்கிறது. ஆனால் நான் இந்த மேடையில் ஏறும்போது மாமா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். துக்கம் விழுந்த நாளிலிருந்து பேசாதவர், என் காதருகே ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: "சீக்கிரம்... முடி. வேலை... கெடக்கு."

முடித்துவிட்டேன் மாமா. எழுந்திருங்கள், போகலாம்.