அமைதி என்று பெயரிட்ட சப்நெட்

சப்நெட் பிரிப்பதைச் சொல்லிக்கொடுப்பது அப்படியொன்றும் கடினமில்லை, ஐயா. அடுக்குமாடிக் கட்டடத்தில் குடியிருந்தவர் யாருக்கும் ஒரு கோப்பைத் தேநீர் ஆறுவதற்குள் புரிந்துவிடும்.

கிளவுட் என்பது எங்கோ தொலைவில், யார் யாரோ வாடகைக்கு எடுத்திருக்கும் கணினிகளின் பெருங்கூட்டம். அதற்குள் நமக்கென்று ஒரு மதிலைக் கட்டிக்கொள்கிறோம். அதுதான் தனி நெட்வொர்க். மதிலுக்குள் இடத்தைத் தடுத்துப் பகுதிகளாக்குகிறோம். அவை சப்நெட்கள். தெருவைப் பார்த்த பகுதிக்கு வெளிவாசல் உண்டு, உள்ளே இருப்பதற்குக் கிடையாது. எந்தப் பகுதியிலிருந்து எங்கெங்கே போகலாம் என்று ஒவ்வொன்றுக்கும் வழி எழுதிவைக்க வேண்டும். எழுதாத இடத்துக்கு எதுவும் போய்ச் சேராது.

ஷாஹிந்தாவுக்கு நான் இப்படித்தான் பாடத்தைத் தொடங்கினேன். அவர் பள்ளியில் பூகோளம் கற்பித்தவர். விவாகரத்துக்குப் பிறகு வேறு தொழில் வேண்டும் என்று எங்களிடம் வந்து சேர்ந்தார். எதையும் வரைபடமாக வண்ணம் தீட்டிப் பார்த்தால்தான் அவருக்கு நிம்மதி.

"எஞ்சினியரே, நீங்க சொல்றது நெட்வொர்க் இல்ல, எங்க மாமியார் வீடு. எந்த ரூமுக்கு யார் வரலாம், யார் வரக்கூடாதுன்னு அந்தம்மா மனசுல ஒரு வரைபடமே வச்சிருந்தாங்க" என்றார் முதல் நாளே.

நான் சிரித்தேன். அவரை எனக்குப் பிடித்திருந்தது. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் நிறுவனத்தின் வேலை உங்களுக்குத் தெரியும். பிள்ளைகள் குவைத்திலும் தம்மாமிலும் கனடாவிலும் இருக்க, அலெக்ஸாண்ட்ரியாவில் தனியாக வாழும் முதியவர்களுக்குக் கழுத்தில் தொங்கும் பொத்தான் ஒன்றைக் கொடுப்போம். அழுத்திவிட்டுப் பேசினால் அந்தக் குரல் எங்கள் நெட்வொர்க்கின் வெளிப்பகுதியைத் தொட்டு, உள்ளே இருக்கும் சர்வருக்குப் போய், அங்கிருந்து ஸ்முஹாவில் உள்ள எங்கள் அழைப்பு அறைக்கு வரும். சுவரில் அவருக்குரிய விளக்கு சிவப்பாகும். அங்கிருக்கும் பெண் எடுத்துப் பேசுவாள். தேவையென்றால் செவிலியரை ஏற்றிக் காரை அனுப்புவாள். கார் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை வாங்கியவன் நான் இல்லை.

மதாம் தவ்ஹீதா இப்ராஹிமிய்யாவில், டிராம் சத்தம் கேட்கும் கட்டடத்தில், ஏழாவது மாடியில் இருந்தார். லிஃப்ட் ஓடாது. மாலைத் தொழுகை அழைப்பு முடிந்து வெளிச்சம் மங்கியதும் பொத்தானை அழுத்துவார். ஆள் குறைவான நாட்களில் நானும் அழைப்பு அறையில் உட்காருவேன். அப்படி ஒருநாள் அவர் எனக்கு வாய்த்தார்.

"யாரு, புதுக் குரலா இருக்கே?"

"எஞ்சினியர் பேசறேன் மதாம். என்ன பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணல கண்ணு. சமையல்கட்டுல யாரோ நிக்கிற மாதிரி இருக்கு."

"யாரும் இருக்கமாட்டாங்க மதாம்."

"அது எனக்கும் தெரியும். இல்லாத ஆளு நிக்கிறதுதானே பயமா இருக்கு."

நானும் தனியாக வாழ்பவன், ஐயா. அன்று வீட்டுக்குப் போய்க் காப்பி போடும்போது முதுகுக்குப் பின்னால் சமையல்கட்டின் வாசல் இருப்பது எனக்குப் புதிதாக உறைத்தது. அதன்பிறகு என் முதுகு சுவர்ப் பக்கம் இருக்கும்படி அடுப்பை நகர்த்திவைத்தேன். அவர் மறுநாளும் அழைத்தார். அதற்கு மறுநாளும். ஒவ்வொரு முறையும் அந்த வீட்டில் புதிதாக ஏதாவது இருக்கும். குளியலறையில் ஒரு மூச்சுச் சத்தம். திரைக்குப் பின்னால் ஒரு செருப்பு. மிகச் சாதாரணமான குரலில், கடையில் தக்காளி விலை சொல்வதுபோலச் சொல்வார். சிவப்பு விளக்கு எரிந்தால் நான் எடுக்காமல் பக்கத்தில் இருக்கும் பெண்ணைப் பார்க்கத் தொடங்கியது அப்போதிலிருந்துதான்.

பிறகு துடைப்பப் புயல் வந்தது. நவம்பரில் கடற்கரைச் சாலையைப் பெருக்கித் தள்ளிவிட்டுப் போகுமே, அதுதான். அன்று மாலை காற்றுக்குப் பயந்து தவ்ஹீதா பொத்தானை அழுத்தி அழுதார். கார் அவரிடம் போனது. அந்த நேரம் பார்த்து நகரின் மறுகோடியில், மந்தராவில் உஸ்தாத் லபீப் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அழுத்தினார். வெள்ளத்தில் கார் திரும்ப முடியவில்லை. போய்ச் சேர்ந்தபோது அவர் இறந்திருந்தார்.

அவருடைய மகள் அலுவலகத்துக்கு வந்தாள். கத்தவில்லை. "எங்கப்பா யாருக்குப் பின்னாடி வரிசையில நின்னாரு? அந்தப் பேரை மட்டும் சொல்லுங்க, போயிடறேன்" என்றாள். அவளுக்கு ஒரு கோப்பைத் தேநீர் கொடுத்து அனுப்பினோம்.

அவள் போனதும் முதலாளி ஷவ்கத் பே என்னை உள்ளே அழைத்தார். "இந்தச் சும்மா அழுத்துற சத்தத்தையெல்லாம் குறைச்சிடு. எப்படிக் குறைச்சேன்னு எனக்குச் சொல்லாத" என்றார்.

ஆகவே நான் இன்னொரு சப்நெட்டை உருவாக்கினேன். 'அமைதி' என்று அதற்குப் பெயர் வைத்தேன். சர்வரின் நகல் ஒன்றை அதில் வைத்து, தவ்ஹீதாவின் பொத்தானை அங்கே திருப்பிவிட்டேன். அந்தப் பகுதியிலிருந்து அழைப்பு அறைக்குப் போகும் வழியை எழுதவில்லை. நான் எதையும் உடைக்கவில்லை என்பதைப் பாருங்கள். ஒரு வரியை எழுதாமல் விட்டேன்.

ஆனால் பொத்தானுக்குப் பதில் வராவிட்டால் அது கீச்சிட்டுக்கொண்டே இருக்கும். அதனால் ஒரு குரலைப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. என் குரல் சரிவரவில்லை. ஷாஹிந்தாவின் குரல் வகுப்பறையில் பழகிய குரல், கேட்டால் குழந்தைகள் அடங்கிவிடும்.

"கேட்டுட்டோம். கிளம்பிட்டோம். பயப்படாதீங்க" என்று வாசித்துவிட்டு, "இது யாருக்கு?" என்று கேட்டார்.

"சும்மா, சோதனைக்கு" என்றேன்.

"சோதனைக்கே இவ்வளவு அன்பா பேசணுமா?" என்று கிண்டல் செய்தார்.

அது நன்றாகவே வேலை செய்தது. தவ்ஹீதா அழுத்துவார், குரலைக் கேட்பார், அடங்கிவிடுவார். கார் நிஜமான நோயாளிகளுக்கு நேரத்துக்குப் போனது. அந்தக் குளிர்காலத்தில் நாங்கள் காப்பாற்றியவர்கள் உண்டு. அவர்களையும் கூப்பிட்டு விசாரிப்பது நியாயம்.

யாரை அமைதிக்கு மாற்றுவது என்பதில் கவனமாகவே இருந்தேன். முதலில், உடம்புக்கு எதுவும் இல்லாமல் அழைப்பவர்கள். மணி என்னவென்று கேட்கும் ஒரு கிழவர். கடல் படியேறி வருகிறது என்று நம்பிய ஒரு முன்னாள் மாலுமி. பிறகு, உடம்புக்கு ஏதோ இருந்தாலும் அளவுக்கு மீறி அழைப்பவர்கள். பிறகு, குரலைக் கேட்டாலே எனக்கு முதுகு சில்லிடும் சிலர். அழைப்பு அறையில் சிவப்பு விளக்கு எரிவதே அபூர்வமாகிவிட்டது. பெண்கள் சூடு ஆறாமல் தேநீர் குடித்தார்கள். ஷவ்கத் பே எல்லோருக்கும் பஸ்பூஸா இனிப்பு வாங்கிக்கொடுத்தார்.

இடையிடையே வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அழைப்பார்கள். அண்டை வீட்டுக்காரர்கள் கதவை உடைத்துப் பார்த்ததாகச் சொல்வார்கள். "அம்மா பொத்தானை அழுத்துனாங்களா?" என்று கேட்பார்கள். எங்கள் பெண்கள் திரையைப் பார்த்துவிட்டு, "இல்லைங்க, அழுத்தவே இல்ல. தூக்கத்துலயே போயிருப்பாங்க" என்பார்கள். அந்தப் பக்கத்தில் ஒரு பெருமூச்சு கேட்கும். அந்தப் பெண்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் திரையில் அப்படித்தான் இருந்தது.

ஷாஹிந்தா கண்டுபிடித்தார் என்று உங்கள் விசாரணை அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். உண்மையில் அவர் எதையும் தேடவில்லை. ஒரு பகல் வேளையில், பயிற்சிக்காக, எங்கள் நெட்வொர்க்கை வண்ணப் பென்சிலால் வரைந்துகொண்டிருந்தார். நான் காப்பிக் கோப்பையோடு உள்ளே வந்தேன்.

"எஞ்சினியரே, இந்தப் பகுதியிலிருந்து ஆபீஸுக்கு வர்ற வழியவே காணோம். மறந்துட்டீங்களா, இல்ல எனக்கு வச்ச பரீட்சையா?"

கோப்பையை வைத்துவிட்டு அவர் பக்கம் போனேன். அவர் சிரித்துக்கொண்டே விசையைத் தட்டினார். "எழுதிட்டேன். மார்க் போடுங்க."

பக்கத்தில், அழைப்பு அறையில் விளக்குகள் எரியத் தொடங்கின.

விஷயம் என்னவென்றால், போக வழியில்லாத செய்திகளை ஒரு நல்ல சர்வர் அழித்துவிடாது. வழி திறக்கும் என்று வரிசையில் வைத்துக் காத்திருக்கும். அதை அப்படி அமைத்ததும் நான்தான். நல்ல பழக்கம் என்று மாணவர்களுக்குச் சொல்வேன்.

சுவர் முழுவதும் சிவப்பானது. பிறகு குரல்கள் வந்தன, ஒன்றின்மேல் ஒன்றாக. கால் மரத்துவிட்டது என்றது ஒன்று. ஏதோ கருகுகிறது, எழுந்திருக்க முடியவில்லை என்றது ஒன்று. "கிளம்பிட்டோம்னு சொன்னீங்களே, ரொம்ப நேரமாச்சே" என்று ஒரு கிழவர் மரியாதையாகக் கேட்டார். அதே கிழவர் மீண்டும் கேட்டார், இன்னும் மெதுவான குரலில். மீண்டும், அதைவிட மெதுவாக. ஒவ்வொன்றின் முடிவிலும் அதே பெண் குரல், அதே கனிவு. கேட்டுட்டோம். கிளம்பிட்டோம். பயப்படாதீங்க.

அழைப்பு அறைப் பெண்களில் ஒருத்தி தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்க இடம் தெரியாமல் நின்றாள். இன்னொருத்தி மேசைக்கு அடியில் உட்கார்ந்துவிட்டாள். ஷாஹிந்தா வாசலில் நின்று கேட்டார்.

"அது என் குரல்" என்றார். பிறகு, "இவங்கெல்லாம் யாரு?"

"பழைய பதிவுகள். வழியை மூடிடுங்க" என்றேன்.

அவர் என்னை விட்டு விலகி, ஒரு நாற்காலியை இழுத்து எங்கள் இருவருக்கும் நடுவில் போட்டுக்கொண்டார். அது எனக்கு இன்றுவரை வருத்தமாக இருக்கிறது. நான் யாரையும் கைநீட்டித் தொட்டவன் இல்லை. நாற்காலிக்குப் பின்னால் நின்றபடியே ஆம்புலன்ஸை அழைத்தார். ஒவ்வொரு முகவரியாகச் சொன்னார். சில முகவரிகளில் இப்போது வேறு ஆட்கள் குடியிருந்தார்கள். பஹரியில் ஒருவர் மட்டும் அந்த நிமிடமும் அழுத்திக்கொண்டிருந்தார். அவர் பிழைத்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். மகிழ்ச்சி.

என் வக்கீல் உங்களிடம் ஒன்று சொல்லியிருப்பார். அந்தப் பகுதியிலிருந்து வெளியே வழியே கிடையாது, ஆகவே உள்ளே என்ன நடந்தது என்று எனக்குத் தெரிந்திருக்க முடியாது என்று. நல்ல வாதம். ஆனால் ஷாஹிந்தாவின் வரைபடத்தை நீங்கள் கவனமாகப் பார்த்தால், அமைதியிலிருந்து மெல்லிய பச்சைக் கோடு ஒன்று கிளம்புவதைப் பார்ப்பீர்கள். அது என்னவென்று அவருக்கு அப்போது புரியவில்லை. அது என் வீட்டுக் கணினிக்கு வரும் வழி. அதை நான்தான் எழுதினேன்.

எல்லாவற்றையும் கேட்டேன், ஐயா. மாலையில், எல்லா விளக்குகளையும் போட்டுக்கொண்டு, முதுகைச் சுவரில் சாய்த்து, கடைசிக் குரல்வரை கேட்டேன். பயமாகத்தான் இருந்தது. இருந்தாலும் யாராவது ஒருவர் கேட்க வேண்டும் அல்லவா? அவர்களைக் கைவிட்டுவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் திருத்திக்கொள்ளச் சொல்கிறேன்.

தவ்ஹீதா விழுந்த மாலையும் கேட்டேன். மழை பெய்துகொண்டிருந்தது. கூடத்தில் வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொன்னார். இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை, ஆனால் எப்படியோ நகர்ந்துபோய்க் கதவைத் திறந்துவிட்டேன் என்றார். என் வீட்டிலிருந்து இப்ராஹிமிய்யா டிராமில் சில நிறுத்தங்கள்தான். நான் சட்டையைப் போட்டுக்கொண்டேன். வாசல்வரை போனேன். படிக்கட்டில் விளக்கு எரியவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தேன். அவர் மறுபடி அழுத்தினார். மறுபடியும். விடியும்வரை என்று சொல்லலாம். கடைசியாகப் பேசும்போது அந்தக் குரலில் அழுகையோ அவசரமோ எதுவும் இல்லை.

"சரி கண்ணு, அவசரமில்ல. மெதுவாவே வாங்க. படியெல்லாம் ஈரமா இருக்கும், பார்த்து ஏறுங்க" என்றார்.

பயத்தில் இருக்கும் ஒருவர் இப்படிப் பேசமாட்டார் என்பதை நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.