பதினோரு நிமிட ஆட்டம்

வருங்காலத்தைத் தோளில் சுமப்பவனுக்குத் தூக்கம் கிடையாது என்று எங்கள் அண்ணன் சொல்வார். சொல்லிவிட்டு மதியம் இரண்டு மணிக்குப் படுத்தால் நாலரைக்குத்தான் எழுந்திருப்பார். அந்த நேரத்தில் வராந்தாவில் யாரும் செருப்புச் சத்தம் கேட்க நடக்கக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்வது என் வேலைகளில் ஒன்று. கம்பெனியில் நான் மேனேஜர்.

நீங்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். வாக்குமூலத்தை நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு அவசரமில்லை.

அண்ணன் யார் என்று உங்களுக்குத் தெரியும். இருபது வருடம் படங்களில் ஒற்றைக் கையால் லாரியை நிறுத்தியவர். முட்டி தேய்ந்தபிறகு நிறுத்துவதற்கு லாரி வரவில்லை, வீடியோ கேம் கம்பெனி தொடங்கினார். அவர் வாழ்நாளில் ஆடிய ஒரே ஆட்டம் சீட்டுதான். ஆனாலும் அரசாங்கம் நம்பியது. இளைஞர்களுக்கு வேலை என்று மேடை போட்டுச் சொல்லி, மக்கள் பணத்தைத் தவணை தவணையாகக் கொடுத்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஓர் அதிகாரி வந்து, கேமைத் தன் கையால் ஆடிப் பார்த்து, திருப்தி என்று எழுதினால் அடுத்த தவணை வரும்.

கேமில் வீரன் அண்ணன்தான். அந்த முகத்தைச் செய்யவே ஏழு மாதம் ஆயிற்று. ஒவ்வொரு முறையும் வந்து பார்த்துவிட்டு, "கன்னம் தொங்குதேப்பா, சரி பண்ணுங்க" என்பார். திரையில் கன்னம் சரியாகத்தான் இருந்தது. தொங்கியது கண்ணாடியில். இப்படி முகத்திலேயே ஆட்கள் எல்லோரும் உட்கார்ந்துவிட்டதால் தரை செய்ய நேரமில்லை. பாலம் தாண்டி இடப்பக்கம் ஓர் எட்டு வைத்தால் வீரன் ஓட்டை வழியாக நீல வெறுமைக்குள் விழுவான். விழுந்துகொண்டே இருப்பான். வாளை மட்டும் விடமாட்டான்.

விழாமல் அவனைப் பதினோரு நிமிடம் நடத்தத் தெரிந்தவன் ஒருவன்தான். பிழை கண்டுபிடிக்க வேலைக்குச் சேர்ந்தவன். விரல் வேகத்தைப் பார்த்துக் 'கட்டைவிரல்' என்று பெயர் வைத்தோம். கல்யாணமாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. எது சொன்னாலும் "சரி சார்" என்பான்.

முதல் தடவை வந்த அதிகாரி ஓட்டையில் விழுந்து விழுந்து எழுந்தார். "உங்க ஹீரோவுக்கு நிக்கவே தெரியலையே" என்று எழுந்து போய்விட்டார். தவணை நின்றது. அப்போதுதான் நான் ஒரு வழி சொன்னேன். அதிகாரி கையில் ஒரு கன்ட்ரோலர் இருக்கட்டும், அது எதோடும் இணையாமல் சும்மா இருக்கட்டும். பக்கத்து அறையில் கட்டைவிரல் உட்கார்ந்து, ஒரு சின்ன கேமராவில் அவருடைய கையைப் பார்த்துக்கொண்டே உண்மையான ஆட்டத்தை ஆடட்டும். அண்ணன் தன்னுடைய யோசனை என்று யாரிடமும் சொல்லிக்கொள்ளாத ஒரே யோசனை அதுதான்.

அது நன்றாக நடந்தது. அடுத்த முறை அதிகாரி பதினோரு நிமிடத்தில் மூன்று அரக்கர்களை வெட்டினார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "சின்ன வயசுலருந்தே எனக்குக் கை வேகம் சார்" என்றார். நாங்கள் ஆமோதித்தோம்.

இதில் ரகசியம் இருந்ததால் ஒரு விதி வைத்தேன். ஆட்டம் நடக்கும்போது எல்லாருடைய போனும் என் மேஜையில் உள்ள பிஸ்கட் டப்பாவுக்கு வந்துவிட வேண்டும். உள் அறைக் கதவை வெளியே பூட்டி, சாவியை நான் வைத்துக்கொள்வேன்.

அமைச்சரே ஆடிப் பார்க்க வந்த அன்று காலை கட்டைவிரல் லீவு கேட்டான். மனைவிக்குப் பிரசவ வலி கண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். "அவ அண்ணன் கூட இருக்கான் சார். ஆனா என்னைக் கேட்டுக்கிட்டே இருக்காளாம்."

"பதினோரு நிமிஷம்தாம்பா. முடிச்சதும் கம்பெனி கார்லயே போ."

"சரி சார்" என்றான். போனை டப்பாவில் போட்டான்.

அமைச்சர் கேக் சாப்பிட்டுக்கொண்டே வந்தார். நகக்கண்ணில் கிரீம். ஒவ்வொரு விரலாகச் சப்பிவிட்டு அதே கையால் கன்ட்ரோலரை வாங்கினார். சுத்தம் எனக்கு முக்கியம். சின்ன வயதிலிருந்தே அப்படி.

"இதுல லைட் எரியலையே?" என்றார்.

"புது மாடல்ங்க. கண்ணை உறுத்தாது."

அண்ணன் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தார். பவுடர் வியர்வையில் குழைந்து காலரில் வழிந்துகொண்டிருந்தது. ஆட்டம் தொடங்கி நாலு நிமிடத்தில் டப்பா உறுமியது. உள்ளே அடித்த போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கட்டைவிரலின் மச்சான். பஸ் டிப்போவில் மெக்கானிக், குரலே என்ஜின் மாதிரி.

"சார், மாப்பிள்ளை எங்க? உடனே ஆபரேஷன் பண்ணணுங்கறாங்க. புருஷன் கையெழுத்துப் போடணுமாம். அவர் வர லேட்டாகும்னா சொல்லிடுங்க, டாக்டர் என்னையே போடச் சொல்றார்."

உள்ளே இருக்கிறான் என்றால் அந்த ஆள் வாசலுக்கே வந்து கத்துவார். லேட்டாகும் என்றால் ஏன் என்று கேட்பார். அமைச்சர் அப்போதுதான் பாலத்தில் ஏறியிருந்தார்.

"கிளம்பிட்டாருங்க. பத்து நிமிஷத்துல அங்க இருப்பார்" என்றேன்.

"அப்பாடா" என்றார் அவர்.

ஒருவருக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்வதில் எனக்குத் தவறு தெரியவில்லை.

ஆட்டம் முடிந்தது. அமைச்சர் கை தட்டினார், தனக்கே. "இன்னொரு தடவை?" என்றார். நான் உள் அறையைத் திறந்து எட்டிப் பார்த்தேன். கட்டைவிரல் பாதி எழுந்திருந்தான்.

"சார், போன் ஏதாவது வந்துதா?"

"வரலப்பா. வராம இருந்தா நல்ல சேதின்னு அர்த்தம். உக்காரு."

உட்கார்ந்தான். மறுபடி பூட்டினேன்.

இரண்டாவது ஆட்டத்தின் நடுவில் மச்சான் திரும்பக் கூப்பிட்டார். எந்த வழியாக வருகிறார் என்று கேட்டார். பாலத்தருகே டிராபிக் என்றேன். மூன்றாவது தடவை அடித்தபோது டப்பாவை மூடி, மேலே என் கைக்குட்டையைப் போட்டேன். தகரம் நடுங்கிக்கொண்டே இருந்தது.

"என்னப்பா சத்தம்?" என்றார் அண்ணன்.

"பிஸ்கட் டப்பாண்ணே."

அமைச்சர் மொத்தம் மூன்று முறை ஆடினார். பிறகு போட்டோ. அண்ணனும் அவரும் ஆளுக்கொரு அட்டை வாளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இவ்வளவு நேரத்தில் வீரன் ஒருமுறைகூட விழவில்லை. கட்டைவிரல் வேலையில் கெட்டி, அதை நான் எங்கேயும் சொல்வேன். காரில் அனுப்பினேன், சொன்ன சொல் தவறவில்லை.

பெண் குழந்தை தங்கியது. தாய் தங்கவில்லை.

மறுநாள் கம்பெனி சார்பில் மலர்வளையம் அனுப்பினேன். நடுவில் அண்ணன் வாளோடு நிற்கும் படம். எடுத்துவிடலாமா என்று கேட்டேன், "இருக்கட்டும்பா, கூட்டம் வரும்ல" என்றார். அதற்கடுத்த நாள் மச்சான் கம்பெனி கேட்டுக்கு வந்தார். நான் நினைத்தபடி கத்தவில்லை. "வரமாட்டார்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கையெழுத்துப் போட்டிருப்பேனே சார். நீங்க கிளம்பிட்டார்னு சொன்னதாலதான் காத்துக்கிட்டு இருந்தோம்" என்றார். அவருக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னேன். குடிக்கவில்லை.

கட்டைவிரல் திரும்ப வரவில்லை. கம்பெனி அதனால்தான் கவிழ்ந்தது. பத்திரிகைகளில் வேறு வேறு காரணம் எழுதுகிறார்கள்.

அடுத்த தவணைக்கு அதிகாரி வந்தபோது உள் அறையில் நானே உட்கார்ந்தேன், வெளியே பூட்ட ஆளில்லை. பாலத்தைத் தாண்டியதும் விழுந்தேன். எழுந்தேன், விழுந்தேன். அதிகாரி தாகமெடுத்து கன்ட்ரோலரை மேஜைமேல் வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். நான் கேமராவைப் பார்க்க மறந்துவிட்டேன். திரையில் வீரன் தானாகவே வாளை வீசிக்கொண்டு ஓடினான். டம்ளரோடு எழுந்து வந்து அவர் கதவைத் திறந்தபோது நான் நாக்கைத் துருத்திக்கொண்டு பொத்தான்களை அழுத்திக்கொண்டிருந்தேன். அவர் திரும்பிப் போய்த் தன் கன்ட்ரோலரைக் கவிழ்த்து, பின்மூடியைத் திறந்தார். உள்ளே பேட்டரி இருக்க வேண்டிய இடம் காலி.

ஒரு மாதத்தில் நாற்காலிகளைக்கூட ஜப்தி செய்து ஏற்றிக்கொண்டு போனார்கள். அண்ணன் உடம்பு சரியில்லை என்று வெளிநாடு போனார்.

ஆக, அவள் சாவுக்கு யார் பொறுப்பு என்று நீங்கள் மறுபடி மறுபடி கேட்கிறீர்கள். பொய் சொன்னது நான். கதவைப் பூட்டியது நான். டப்பாவை மூடியது நான். மூன்றிலும் கையெழுத்துப் போடுகிறேன். கம்பெனி நலனுக்காகச் செய்தவை, எனக்கு அதில் கூச்சமில்லை. ராத்திரி தூக்கம் வருகிறது.

கூச்சமாக இருப்பது வேறொன்று. பேட்டரி எங்கே என்று அன்றைக்கு அந்த அதிகாரி எல்லார் முன்னாலும் கேட்டார். இரண்டும் எங்கள் வீட்டுச் சமையலறைக் கடிகாரத்தில் இருக்கின்றன.