நாற்பத்தேழாம் பக்கத்து அரக்கு இழை

வேகவதிக் கரை நல்லடக்கத் தொண்டர் மன்றத்தின் தலைவராய்ப் பதினெட்டு ஆண்டுகள் பணியாற்றி இன்று ஓய்வு கொள்ளும் பெருந்தகை, பிள்ளையார்பாளையம் திரு. கலியாணசுந்தரனார் அவர்களுக்கு, மன்றத்துத் தொண்டர்கள் அன்பால் நெய்து அணிவிக்கும் மடல்

பட்டிழை பிரித்த விரல்களால் பாடை சுமந்த பண்பாளரே! ஊரும் பேரும் தெரியாமல் ஒதுங்கி மாண்டவர்க்கெல்லாம் உற்றவராய் நின்ற உத்தமரே! எட்டுப் பேரப்பிள்ளைகளுக்கு உறவாலும், எங்கள் தெரு முழுமைக்கும் உரிமையாலும் தாத்தாவானவரே! வணக்கம்.

நேருக்கு நேர் புகழ்ந்தால் தாங்கள் எழுந்து போய்விடுவீர்கள் என்பது நாங்கள் அறிந்ததே. ஆகையால் சற்று நேரம் தங்களை 'அவர்' என்றே சொல்லி, அவையோரிடம் பேசிக்கொள்ள அனுமதி வேண்டுகிறோம்.

அவையோரே! நாதியற்றுக் கிடந்த இருநூற்றுப் பதின்மூன்று உடல்களை அவர் நல்லடக்கம் செய்திருக்கிறார். "உங்க வீட்ல மொத்தம் எத்தினி பேரும்மா?" என்று பள்ளிக்கூடத்தில் கேட்டார்களாம். "தாத்தா சைடுல மட்டும் எரநூறுக்கு மேல சார்! ஆனா யாரும் சாப்பாட்டுக்கு வர மாட்டாங்க" என்றாளாம் பேத்தி ஏலவார்குழலி.

அவர் தொண்டுக்கு ஒரு முறை உண்டு. நெய்த சேலையை அறுத்து இறக்கும்போது, அடுத்த பாவின் நீள இழைகளைப் பிணைக்கவென்று பழைய பாவின் முனையைத் தறியிலேயே விட்டுவைப்போம் அல்லவா? அதைப் போலத்தான். ஒவ்வோர் உடலுக்கும் ஒரு பட்டிழை எடுப்பார், இரண்டாக அறுப்பார். ஒரு பாதி உடலின் மணிக்கட்டில். மறு பாதி அவருடைய நோட்டில், அங்க அடையாளங்களுக்குப் பக்கத்தில். என்றைக்காவது உறவினர் தேடி வந்தால் பேரை எழுதிக்கொண்டு, அந்தப் பாதியைக் கையில் கொடுப்பார். "முனைய விட்டு வெச்சாத்தான்பா வந்து சேர முடியும்" என்பார்.

1966, ஐப்பசி. அடைமழை. ஏரிக்கரையில் கிடந்த ஒரு நடுவயதுக்காரரைச் சுமந்து வந்தார்கள். இடது கையில் ஆறு விரல். அரக்கு நிற இழையை எடுத்து அறுத்தார் நம் பெரியவர். அறுந்த முனைகளைக் கண்டால் முடிச்சுப் போட்டுப் பழகிய விரல்கள். ஐம்பது ஆண்டுப் பழக்கம்! தம்மை அறியாமலே இரண்டு பாதிகளையும் சேர்த்து முடிந்து, முழு இழையையும் மணிக்கட்டில் கட்டிவிட்டார். மண் மூடி, வீடு திரும்பி, நோட்டைத் திறந்தபோதுதான் உறைத்தது. நாற்பத்தேழாம் பக்கத்தில் அடையாளம் இருக்கிறது, இழை இல்லை.

"தோண்டிப் பாத்துடலாமா தாத்தா?" என்றார் நம் தொண்டர் குமாரசாமி.

"படுத்தவர எழுப்பக் கூடாதுபா. வேற நூல ஒட்டினா அது பொய்யி. நாளைக்கு அவரு சம்சாரம் வந்து கை நீட்டினா, நான் என்னத்தக் குடுப்பேன்?"

அந்தக் கேள்வி அவரை ஏழு ஆண்டுகள் அரித்தது. வாசலில் யார் நிழல் விழுந்தாலும் கை முதலில் அந்தப் பக்கத்தைத்தான் புரட்டியது.

சென்ற தை மாதத்து நட்டநடுப் பகலில் ஒரு நிழல் விழுந்தது. கூரத்திலிருந்து பெரியநாயகி அம்மையார். அந்த ஐப்பசி மழையில் மாடு தேடிப் போன கணவர் அப்பாதுரை வீடு திரும்பவே இல்லை. "எடது கையில ஆறு வெரலுங்க. இங்க ஒரு பெரியவரு நோட்டு எழுதிக்கினு இருக்காருன்னு இப்பத்தான் சொன்னாங்க."

அவர் நோட்டைத் திறந்தார். தலை தானாகக் குனிந்தது.

"எல்லாம் ஒத்து வருதுமா. ஆனா உங்கிட்ட குடுக்க எதுவும் இல்ல. என் கை தப்புப் பண்ணிட்டுது."

"நான் வாங்கினு போக வரலிங்க" என்று அம்மையார் சுருக்குப்பையைத் திறந்தார். "அவரு போன நாலாம் நாளு, விடிஞ்சி கதவத் தொறக்கறேன், வாசப்படியில இது கெடந்துது. ஒரே ஈரம். மேலெல்லாம் மண்ணு. தூக்கிப் போட மனசு வரல. உங்களுதான்னு பாருங்க."

அரக்கு இழை. நடுவில் ஒரு முடிச்சு. இடக்கையால் முடிந்த முடிச்சு. பிள்ளையார்பாளையத்தில் அப்படி முடிபவர் ஒருவர்தான். இழுக்க இழுக்க இறுகுமே தவிர, அறுத்தாலன்றி அவிழாது.

அவர் விரல் பட்டது. அவிழ்ந்தது!

ஒரு பாதியை அம்மையார் கையில் வைத்தார். மறு பாதியுடன் எங்களையும் அழைத்துக்கொண்டு வேகவதிக் கரைக்கு நடந்தார். அந்த மேட்டில் ஏழு வருஷத்துப் புல். ஒரு மண்கட்டிகூடப் புரண்டிருக்கவில்லை. இழையை மண்ணுக்குள் வைத்து மூடிவிட்டு எழுந்தார் அவர்.

"நான் விட்ட தப்ப அவரே வந்து திருத்தி, வீட்ல சேத்துட்டுப் போயிருக்காருபா. இனிமே நோட்ட நீங்க பாத்துக்கோங்க."

ஐயா! நாற்பத்தேழாம் பக்கத்தில் இப்போது பேர் இருக்கிறது. தாங்கள் விட்டுவைத்த முனையை நாங்கள் பிடித்துக்கொண்டோம். ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்கிறோம்: இழை கட்டும்போதெல்லாம் யாரோ பார்த்துக்கொண்டிருப்பது போலிருக்கிறது. அதனால் பிசகாமல் கட்டுகிறோம்.

கண் மங்காமல், கை தளராமல், பேரப்பிள்ளைகளின் பிள்ளைகளையும் மடியில் வைத்துக் கொஞ்சி, நூறாண்டு நலமாய் வாழ்க!

தாங்கள் கேட்டபடி முன்வரிசையில் தங்களுக்கும் பெரியநாயகி அம்மையாருக்கும் நடுவே ஒரு நாற்காலியைக் காலியாக விட்டிருக்கிறோம். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. மாலை மூன்று வாங்கி வந்திருக்கிறோம்.

காஞ்சிபுரம்
பங்குனி, 1974

தங்கள் தோளுக்குத் தோள் கொடுத்த
மன்றத் தொண்டர்கள்