பதினோரு வீட்டுத் தலைவர்

அலுவலர்: ...இல்லைங்க, நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். உங்களுக்கு எத்தனை மனைவி?

தையல்காரர்: என்னது?

அலுவலர்: மனைவி. சம்சாரம். எத்தனை பேரு?

தையல்காரர்: மேடம், நீங்க யாருகிட்ட பேசணும்? இது தையல்காரன் போனு.

அலுவலர்: தையல்காரர்கிட்டதான் பேசணும். நான் அகதிகள் பதிவு அலுவலகத்துலேர்ந்து பேசறேன். எல்லையை ஒட்டி ஒரு பழைய கிடங்குல தங்க வெச்சிருக்காங்களே... அங்கேதானே இருக்கீங்க?

தையல்காரர்: அங்கேதான். ஜன்னலோரம். ஒரு நிமிஷம் மேடம்... ஏம்மா, அந்தக் கோட்டுல இன்னும் குண்டூசி இருக்கு, போட்டுப் பார்க்காதே, குத்தும்... ம், சொல்லுங்க. நம்ம பேச்சை நல்லாப் பேசறீங்களே.

அலுவலர்: அதுக்குத்தான் என்னை இங்கே உட்கார வெச்சிருக்காங்க. பேச்சை மாத்தாதீங்க. எங்க கம்ப்யூட்டர்ல உங்க நம்பருக்குக் கீழே பதினோரு பொம்பளைங்க இருக்காங்க. குழந்தைங்க முப்பதுக்கு மேலே.

தையல்காரர்: பதினோரு பேரா? ஒருத்தியைச் சமாளிக்கறதுக்கே...

அலுவலர்: என்ன? ஒருத்தியையா?

தையல்காரர்: ஒண்ணுமில்லை. பேச்சுக்குச் சொன்னேன்.

அலுவலர்: எனக்குத் தலை சுத்துதுங்க. காலையிலேர்ந்து இதையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். ஒரே நம்பர் கொடுத்தவங்களை எல்லாம் ஒரே குடும்பம்னு கம்ப்யூட்டர் தானாச் சேர்த்துடும். அதை அப்படித்தான் பழக்கி வெச்சிருக்காங்க. ‘தையல்காரர் நம்பர்’னு எல்லாரும் எழுதிக் கொடுத்திருக்காங்க; ஆம்பளை நம்பர்னா அவரைத் தலைவராப் போட்டுடும்.

தையல்காரர்: தலைவரா... நானா?

அலுவலர்: நீங்கதான். நாளைக்கு எல்லாரையும் உள்நாட்டுப் பக்கம் கூட்டிக்கிட்டுப் போய் வீடு தரப் போறோம். ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு. இப்போ இருக்கற கணக்குப்படி உங்க பதினோரு பேருக்கும் ஒரே வீடு.

தையல்காரர்: ஐயோ, வேண்டாம் மேடம். இங்கே ஒரே குழாய்ல தண்ணி பிடிக்கறதுக்கே தினம் ரெண்டு சண்டை. நான் நடுவுல போய் நிக்கணும்.

அலுவலர்: நீங்க ஏன் நடுவுல போய் நிக்கணும்?

தையல்காரர்: பக்கெட்டை நான்தானே வாங்கி வெச்சிருக்கேன்.

அலுவலர்: பக்கெட்டும் உங்களுது, போனும் உங்களுது. அப்புறம் கம்ப்யூட்டர் மேல என்ன தப்பு?

தையல்காரர்: மேடம், அவங்களுக்கெல்லாம் போன் கிடையாது. இருக்கற ஒண்ணு ரெண்டு பேருக்கும் காசு தீர்ந்து போச்சு. ‘உங்களைக் கூப்பிட ஒரு நம்பர் வேணும், இல்லைன்னா பதிய மாட்டோம்’னு உங்க ஆளுங்க சொன்னாங்களாம். என் நம்பரைக் கொடுத்துட்டு வந்துட்டாங்க. என்கிட்டே கேக்கக்கூட இல்லை. உங்க செய்தி வந்தா நான்தான் ஒவ்வொருத்தர் பாய்க்கும் போய்ச் சொல்றேன். போன வாரம் தடுப்பூசி போட வரச்சொல்லி பதினோரு செய்தி ஒரே நேரத்துல வந்துச்சு. போனு துள்ளின துள்ளல்ல என் கையிலேர்ந்த கத்திரிக்கோல் கீழே விழுந்துடுச்சு.

அலுவலர்: சரி... அந்த வெள்ளை ஸ்வெட்டர்க்காரி யாரு?

தையல்காரர்: எந்த வெள்ளை ஸ்வெட்டர்?

அலுவலர்: போட்டோவுல இருக்காங்க. சின்ன வயசு.

தையல்காரர்: ஓ, டீச்சரா? அது ஸ்வெட்டர் இல்லை, ரெண்டு ஸ்வெட்டரை வெட்டி நான் ஒட்டுப் போட்டது. அவங்க புருஷன் எல்லைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டார். தினம் சாயங்காலம் வந்து ஒரு நிமிஷம் பேசிட்டுப் போவாங்க.

அலுவலர்: யாரோட பேசுவாங்க?

தையல்காரர்: அவங்க புருஷனோட மேடம். வேற யாரோட?

அலுவலர்: கொஞ்சம் இருங்க, கேக்கறேன்...

தையல்காரர்: கேளுங்க.

அலுவலர்: உங்களை இல்லை. இங்கே மேசைக்கு எதிர்ல ஒருத்தங்க உட்கார்ந்திருக்காங்க. அவங்க பதிவு பாதியில நிக்குது.

தையல்காரர்: அப்போ அவங்களை முதல்ல பாருங்க மேடம். பாவம், எவ்வளவு நேரமா உட்கார்ந்திருக்காங்களோ. என் விஷயம் ஓடியா போகப் போகுது?

அலுவலர்: அவங்களே இருக்கட்டும்னு சொல்றாங்க. இரட்டைப் பிள்ளை வெச்சிருக்கவங்க யாரு?

தையல்காரர்: அது... இரட்டைப் பிள்ளைக்காரி. பேரு வாயில வரலை. எல்லாரும் அப்படியேதான் கூப்பிடுவோம்.

அலுவலர்: அவங்களுக்கும் நீங்கதான் தலைவரா?

தையல்காரர்: மேடம், நான் யாருக்கும் தலைவர் இல்லை. ஒண்டிக்கட்டை.

அலுவலர்: ஒண்டிக்கட்டையா? நிச்சயமா? எழுதிடட்டுமா?

தையல்காரர்: ...எழுத வேண்டாம்.

அலுவலர்: ஏன்?

தையல்காரர்: என்னைத்தான் நீங்க பதியவே இல்லையே. அப்புறம் எங்கே எழுதுவீங்க?

அலுவலர்: அதுதான் எனக்குப் புரியலை. பதினோரு குடும்பத்துக்குத் தலைவர், ஆனா தலைவர் பேரு எங்கேயும் இல்லை. பனிக்கு முன்னாடியே வந்துட்டீங்க. ஏன் இன்னும் பதியலை?

தையல்காரர்: வரிசை நீளமா இருந்துச்சு.

அலுவலர்: மாசக் கணக்காவா?

தையல்காரர்: மெதுவா நகர்ற வரிசை மேடம்.

அலுவலர்: சரி, அதை விடுங்க. ஒரே வழிதான் இருக்கு. இந்த நம்பரை எல்லார் பேர்லேர்ந்தும் எடுத்துடறேன். நாளைக்கு வண்டி ஏறும்போது ஆளுக்கு ஒரு புது சிம் கொடுத்துடுவோம். உங்களையும் நானே பதிஞ்சுடறேன். பழைய சிம்மை மட்டும் கொடுத்துட்டுப் புதுசை வாங்கிக்கங்க.

தையல்காரர்: பழசைக் கொடுக்கணுமா?

அலுவலர்: விதி அது. ஒரு ஆளுக்கு ஒரு சிம்.

தையல்காரர்: அப்போ எனக்கு வேண்டாம்.

அலுவலர்: எது வேண்டாம்? சிம்மா, வீடா?

தையல்காரர்: ரெண்டும்.

அலுவலர்: ஏங்க, விளையாடறீங்களா? கிடங்கை மூடப் போறாங்க. வண்டியை விட்டா எங்கே போய் இருப்பீங்க?

தையல்காரர்: இங்கேயே எங்கேயாவது. ஜன்னல் ஒண்ணு இருந்தாப் போதும். இது எங்க ஊர் சிம் மேடம். எல்லையை விட்டுத் தள்ளிப் போனா செத்துடும். இந்த ஜன்னலோரத்துல மட்டும்தான் சிக்னல் ரெண்டு கோடு காட்டுது. அதுக்காகத்தான் தையல் மெஷினையே இங்கே இழுத்துப் போட்டேன். குளிர் காத்து மூஞ்சியில அடிக்குது, ஆனாலும் நகர மாட்டேன்.

அலுவலர்: ரெண்டு கோட்டுக்காக ஒரு வீட்டை விடுவீங்களா?

தையல்காரர்: ராசியான நம்பர்.

அலுவலர்: ராசியா? யாருக்கு?

தையல்காரர்: ஏம்மா, அந்தக் கத்திரியை இப்படிக் கொடு...

அலுவலர்: ஹலோ? இருக்கீங்களா?

தையல்காரர்: இருக்கேன், இருக்கேன். வெச்சுடாதீங்க.

அலுவலர்: இன்னொண்ணும் புரியலை. நான் எத்தனையோ பேருக்குப் போன் பண்றேன். யாரும் லேசுல எடுக்க மாட்டாங்க. நீங்க முதல் மணி அடிச்சு முடியறதுக்குள்ளே எடுத்துட்டீங்க.

தையல்காரர்: கழுத்துலதானே தொங்குது.

அலுவலர்: கழுத்துலயா?

தையல்காரர்: கயிறு கட்டி மாட்டியிருக்கேன். அளவு நாடாவும் அதுவும் சேர்ந்து தொங்குது. யாருக்காவது பேசணும்னா என் கழுத்துகிட்ட வந்து குனிஞ்சு பேசிட்டுப் போகட்டும். கையில கொடுக்கறதில்லை. முன்னாடி கொடுத்துக்கிட்டுதான் இருந்தேன்...

அலுவலர்: அப்புறம் என்ன ஆச்சு?

தையல்காரர்: அதை விடுங்க.

அலுவலர்: சொல்லுங்க. இது... இது எழுத வேண்டிய விஷயம்.

தையல்காரர்: போன் கழுத்துல தொங்கறதையா எழுதுவீங்க? எனக்கு ஒண்ணும் புரியலை மேடம்.

அலுவலர்: எனக்கு மட்டும் புரிஞ்சிருக்கா? சொல்லுங்க.

தையல்காரர்: பனி காலத்துல எனக்குக் காய்ச்சல் வந்துச்சு. நல்ல காய்ச்சல், நினைவே இல்லை. அந்த இரட்டைப் பிள்ளைக்காரிதான் வெந்நீர் வெச்சுக் கொடுத்தா, நெத்தியில துணி நனைச்சுப் போட்டா. அவ இல்லைன்னா போய்ச் சேர்ந்திருப்பேன். அப்போ போன் வந்திருக்கு. அவ எடுத்துட்டா.

அலுவலர்: எடுத்து?

தையல்காரர்: ‘அவர் இப்பதான் தூங்கினார், எழுப்ப முடியாது, நீங்க யாரு’ன்னு கேட்டாளாம். நல்ல மனசோடதான் கேட்டிருக்கா. அந்தப் பக்கம் ஒண்ணும் பேசலையாம். மூச்சு விடற சத்தம் மட்டும் கேட்டுச்சாம். அப்புறம் வெச்சுட்டாங்களாம்.

அலுவலர்: யாருன்னு தெரியலையா?

தையல்காரர்: எழுந்ததும் பார்த்தேன், நம்பரே விழலை. அவளைப் போட்டுக் குடைஞ்சு எடுத்துட்டேன்... ஆம்பளை மூச்சா பொம்பளை மூச்சான்னு கேட்டேன். மூச்சுல என்னண்ணே ஆம்பளை பொம்பளைன்னு அழ ஆரம்பிச்சுட்டா. அதோட போனைக் கழுத்துல கட்டிக்கிட்டேன். அந்த அழைப்பு திரும்ப வரவே இல்லை. மேடம்? லைன் போயிடுச்சா?

அலுவலர்: இருக்கேன். ஒரு நிமிஷம்... என்ன? இதைக் கேக்கணுமா? சரி... ஐயா, ஒரு கேள்வி. சிரிக்காதீங்க. ஊசியில உங்களுக்கு நூல் கோர்த்துத் தர்றது யாரு?

தையல்காரர்: என்ன கேட்டீங்க?

அலுவலர்: ஊசி. நூல். யாரு கோர்த்துத் தர்றாங்க?

தையல்காரர்: இதெல்லாமா உங்க கேள்வியில இருக்கு?

அலுவலர்: இருக்குன்னே வெச்சுக்கங்க.

தையல்காரர்: தையல்காரனுக்கு நூல் கோர்க்கத் தெரியாதுன்னு... உங்களுக்கு யாரு சொன்னாங்க?

அலுவலர்: பதிலைச் சொல்லுங்க.

தையல்காரர்: யாரும் இல்லை. நானேதான். கிட்டப் பார்வை போய் ரொம்ப நாளாச்சு. நாக்குல நனைச்சு, வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு, பத்துத் தடவை குத்தினா ஒரு தடவை நுழையும். டீச்சர் கேட்டாங்க, இரட்டைப் பிள்ளைக்காரியும் கேட்டா, கோர்த்துத் தரட்டுமான்னு. வேண்டாம்னுட்டேன். அது ஒருத்தங்க வேலை.

அலுவலர்: யாரு வேலை?

தையல்காரர்: அது எதுக்கு மேடம் இப்போ?

அலுவலர்: ஐயா, இதுக்கு மேல என்னால முடியாது. ஒண்டிக்கட்டைன்னு சொன்னீங்க. அப்போ யாரு வேலை அது?

தையல்காரர்: சொன்னா நீங்க எழுதிடுவீங்க.

அலுவலர்: என்ன எழுதுவேன்?

தையல்காரர்: வந்த அன்னைக்கு வரிசையில நின்னேன் மேடம். பொய் சொல்லிட்டேன், வரிசை அவ்வளவு நீளம் இல்லை. எனக்கு முன்னாடி ஒருத்தர் நின்னார். பஸ்ஸுல ஏத்தும்போது கூட்டத்துல பெண்டாட்டியை விட்டுட்டேன்னு சொன்னார். உங்க ஆளு ஒரு நிமிஷம்கூட யோசிக்கலை. ‘காணவில்லை’ன்னு தட்டினார். முடிஞ்சு போச்சு. அந்த மனுஷன் அந்தச் சீட்டை வாங்கி மடிச்சு பையில வெச்சுக்கிட்டுப் போனதைப் பார்த்தேன். எனக்கும் அதே பஸ்ஸுதான். அதே கூட்டம்தான். நான் வரிசையை விட்டு வெளியே வந்துட்டேன்.

அலுவலர்: அதுக்காகவா பதியலை?

தையல்காரர்: அவ காணாமப் போகலை மேடம். வந்துக்கிட்டிருக்கா. வழி மாறிப் போயிருப்பா, அவ்வளவுதான். இந்த நம்பர் அவளுக்கு மனப்பாடம். எழுதி வெச்சா தொலைஞ்சிடும்னு தினம் தூங்கறதுக்கு முன்னாடி சொல்லச் சொல்லிக் கேப்பேன், திட்டிக்கிட்டே சொல்லுவா. அவ கூப்பிடறப்போ இது அடிக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம். வீட்டை யாருக்காவது கொடுத்துடுங்க, இதை மட்டும் பிடுங்கிடாதீங்க.

அலுவலர்: இவ்வளவு நேரமா ஏன் இதைச் சொல்லலை?

தையல்காரர்: எத்தனை மனைவின்னு கேட்டீங்களே தவிர, எங்கேன்னு கேக்கலையே. கேட்டிருந்தாலும் எனக்குத் தெரியாது.

அலுவலர்: நானும் உங்ககிட்ட ஒண்ணு சொல்லலை. இந்தப் போன் ஸ்பீக்கர்ல இருக்கு. முதல்லேர்ந்தே.

தையல்காரர்: ஸ்பீக்கர்லயா? எதுக்கு? யாரு கேக்கறாங்க?

அலுவலர்: எதிர்ல உட்கார்ந்திருக்காங்கன்னு சொன்னேனே, நேத்து வந்தாங்க. கல்யாணம் ஆயிடுச்சான்னு கேட்டேன், யாரும் இல்லை, ஒண்டின்னு போடுங்கன்னாங்க. தொடர்புக்கு ஒரு நம்பர் கேட்டேன், யோசிக்காம மடமடன்னு ஒரு நம்பரைச் சொன்னாங்க. தட்டினதும் கம்ப்யூட்டர் பன்னிரண்டாவதா உங்க குடும்பத்துல சேர்த்துடுச்சு. திரையில அந்தப் பதினோரு பேரையும் பார்த்துட்டு, இன்னைக்கு வரைக்கும் பச்சைத் தண்ணிகூடக் குடிக்கலை. கேள்வியெல்லாம் அவங்களோடதுதான்... சும்மா அழுதுக்கிட்டிருந்தா எப்படிங்க, பேசுங்க.

தையல்காரர்: யாரு... மேடம், யாரு அது? ஏம்மா, எல்லாரும் கொஞ்சம் சத்தம் போடாம இருங்களேன். மெஷினை நிறுத்து. நிறுத்துன்னா... ஹலோ? ஹலோ?

பெண் குரல்: மேடம், ‘ஒண்டி’ன்னு போட்டதை அழிச்சுடுங்க... ஏங்க... அன்னைக்கு நான் கூப்பிட்டப்போ அடிச்ச காய்ச்சல் விட்டுடுச்சா?