பூசணிக்காய் மேல வச்ச ஏணி

பாத்ரூமா? எங்க வீட்டு பாத்ரூம்ல விழுந்தாருன்னா எழுதியிருக்கு? எந்திரிங்க தம்பி, வந்து பாருங்க. சொக்சோ ஆபீஸ்லேர்ந்து இவ்ளோ தூரம் வந்துட்டீங்க, இதையும் பாத்துட்டுப் போங்க. ஒரு பக்கம் வாளி, ஒரு பக்கம் வாஷிங் மெஷின். இதுல எங்க விழுறது? எங்க வீட்டுக்காரரு சைஸுக்கு வழுக்குனாக்கூட செவுத்துக்கும் மெஷினுக்கும் நடுவுல நின்னபடியே சிக்கிக்குவாரு. விழணும்னா ஹாலுக்கு வந்துதான் விழணும் லா.

உக்காருங்க. தே-ஓ குடிங்க. நீங்க பாத்ரூம்னு எழுதி முடிச்சிட்டுப் போனீங்கன்னா, வேலையில அடிபட்டவருக்கு சேர வேண்டிய சொக்சோ காசு ஒண்ணும் சேராது. அதனால நான் சொல்றத எழுதுங்க.

தாப்பா பக்கம் பழைய தோட்டத்துல புது கிளினிக் கட்டுறாங்கல்ல, கவர்மென்ட் வேலை, அங்கதான் இவரு கால் ஒடைஞ்சது. எப்படியா? பூசணிக்காயால. சிரிக்காதீங்க. சரி, கொஞ்சம் சிரிச்சுக்கிங்க.

கூரை வேலை ஆரம்பிக்கிற அன்னிக்கு, யாருக்கும் அடிபடக் கூடாதுன்னு பூசணிக்கா ஒடைச்சிருக்காரு. உள்ள குங்குமம் ரொப்பி, சுத்தி, நல்லாத்தான் ஒடைச்சாரு. தள்ளிப் போயி ஒடைக்க வேணாமா? ஏணி வைக்கிற எடத்துலயே ஒடைச்சு, அது மேலயே ஏணிய நிறுத்தி, கும்புட்டு வேற ஏறுனா? ஏணி ஒரு பக்கம் போச்சு, எங்க வீட்டுக்காரரு ஜெயபாலன் ஒரு பக்கம் போனாரு. செவப்பெல்லாம் ரத்தம்னு நெனச்சு லாரி டிரைவரு மயங்கிட்டான். மொதல்ல அவனத்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடியிருக்காங்க! இவரு அங்கயே கெடக்காரு, குங்குமமும் வெதையுமா.

என்னது, சாமி கும்புட்டது வேலையில சேராதாவா? வேலை நேரம், வேலை எடம், வேலை ஏணி. இவரு என்ன தேர் இழுக்கப் போயா விழுந்தாரு?

ஓ, அது இல்லையா? அப்ப வேற என்ன? சொக்சோவுல இவரு பேரே இல்லையா! கவர்மென்ட் வேலைன்னா ஆளு ஏணியில கால் வைக்கிறதுக்கு முந்தியே பேரு பதிஞ்சிருக்கணும்தானே? கூரையில ஏறுற ஒருத்தருக்கும் பதியலையா? நல்லாருக்கு லா. அந்த கிளினிக்குக்கு மொத நோயாளிங்க அதைக் கட்டுனவங்கதான் போல.

அதுக்குத்தான் இந்த பாத்ரூம் கதை. ஆமா, இவரேதான் கையெழுத்துப் போட்டாரு. உள்ள இருமுறாரு பாருங்க, அது இருமல் இல்ல, என்னைய வாய மூடச் சொல்றாரு. இருமுங்க, நல்லா இருமுங்க! கான்வென்ட்ல படிக்கிறப்ப சிஸ்டருங்களுக்குப் பயந்துகூடப் பொய் சொல்லாதவ, ஒங்களுக்காகச் சொல்லணுமா? கால் சரியா கூடலன்னா அப்புறம் யாரு சோறு போடுவா, பாத்ரூமா?

கூரை வேலைய எடுத்த கான்ட்ராக்டரா? ரூபன். ஈப்போவுலதான் இருக்கான். வீட்டு அட்ரஸா, தாராளமா தரேன், போன மாசந்தான் போயித் தட்டு மாத்திட்டு வந்தோம். ஆமா தம்பி, எங்க தினேஸ்வரிக்குப் பாத்த மாப்பிள்ளைதான். ஏன் பேனா நின்னுடுச்சு? எழுதுங்க லா. மாமனாரையே பதியாம கூரையில ஏத்துறவன், எம்பொண்ண எங்கெங்க ஏத்துவானோ! மொதல்ல எல்லாரு பேரையும் பதியச் சொல்லுங்க. தாலி பத்தி அப்புறம் பேசலாம்.